ஐந்து அசைச் சொல்லும் செய்னம்பு மாமியின் வீடும்

அன்று நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. காலை ஒன்பதரைக்கு செய்னம்பு மாமி தன் வீட்டை மூத்த மகள் றமீஸாவுக்கு எழுதிக் கொடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

2. வீட்டு உறுதிப் பத்திரத்தை முதல்நாளே நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். மூன்று பக்கம், மூன்று பிரதி. ஒரு எழுத்தும் அழித்து அடிக்கப்படவில்லை.

3. நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். நொத்தாரிசு ஐயா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

4. இரண்டாம் பக்கத்தில் ஒரு நீளமான சொல் வந்தது. நான் அதை வாசித்தேன். ஐயா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

5. மாப்பிள்ளையின் காக்கா, அதாவது அண்ணன், என் உச்சரிப்பைத் திருத்தினார்.

6. மாமி கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார்.

7. அதன்பிறகு பின்னேரம் மூன்று மணி வரை யாரும் கையெழுத்துப் போடவில்லை.

எதையும் இலக்கமிட்டு எழுதுவது எனக்குப் பழகிவிட்டது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்த இரண்டு வருடத்தில் கையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டுவிட்டார்கள். இந்த வாரம் புதிதாக வருகிறவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்து நாலைந்து வருடம் ஆகியிருந்த காலம் அது. எனக்கு வயது இருபத்தொன்று. கல்முனைக் கடைத்தெருவில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த நொத்தாரிசு அலுவலகத்தில் தட்டச்சாளராகச் சேர்ந்து மூன்றாவது மாதம். ஐயா பாண்டிருப்புக்காரர். காணியும் வீடும் கைமாறும்போது உறுதி எழுதுவதும், எழுதியதை உரியவர்களுக்கு வாசித்து விளங்கப்படுத்துவதும் அவர் தொழில். தொண்டை அடிக்கடி கட்டிக்கொள்வதால் வாசிக்கிற பாதியை என்னிடம் தந்திருந்தார். விளங்கப்படுத்துகிற பாதி அவருடையது.

மணி அடிக்கும் இடம்

அந்த நீளமான சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். irrevocably என்று எழுதுவார்கள். நன்கொடை உறுதிகளில் 'கொடுக்கிறேன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும் வினையடை. எப்படிக் கொடுக்கிறேன் என்பதைச் சொல்லுகிற சொல்.

தட்டச்சு இயந்திரத்தில் வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போது ஒரு மணி அடிக்கும். அடித்துக்கொண்டிருக்கும் சொல் அதற்குள் முடியாவிட்டால் அதை வெட்டி, ஒரு சிறு கோடு போட்டு, மீதியை அடுத்த வரிக்குக் கொண்டுபோக வேண்டும். கண்டபடி வெட்டக்கூடாது. வாய் இயல்பாக நிற்கிற இடத்தில்தான் வெட்டலாம். அதாவது அசை முடிகிற இடத்தில்.

எங்கள் தட்டச்சு வகுப்பில் பதினான்கு பெண்கள். விசைகள் தெரியாமல் இருக்க, கைக்கு மேல் கறுப்புத் துணி கட்டிவிடுவார்கள். மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்க்குள் முணுமுணுப்போம். பின்வரிசையில் சொறிக்கல்முனையிலிருந்து வரும் ஒருத்தி மேசையில் விரலால் தாளம் போட்டு அசை எண்ணுவாள். அவள் எண்ணும் வேகத்தில் எங்கள் விரல்கள் தடுமாறும்.

நான் ஒரு கொப்பியில் பட்டியல் வைத்திருந்தேன். நீளமான சொற்கள், இடப்பக்கத்தில், அசை பிரித்து. நம்முடைய சொல் இப்படி: ir-rev-o-ca-bly. ஐந்து அசை. முதல் அசையோடு வரி முடிந்தால் பார்க்க நன்றாக இருக்காது; இரண்டாம் அசைக்குப் பின் வெட்டுவது அழகு.

வகுப்பில் கேட்டது அவ்வளவுதான். அலுவலகத்தில் வேலை குறைந்த பின்னேரங்களில், ஐயாவின் தடித்த அகராதியைப் பார்த்து வலப்பக்கத்தையும் நிரப்பத் தொடங்கினேன். அங்கே அசைகளை எழுதவில்லை, சொல்லின் உறுப்புகளை எழுதினேன். எந்தத் துண்டு என்ன சொல்லுகிறது என்று. இரண்டு பக்கமும் ஒத்துவராது என்பது அப்போதுதான் தெரிந்தது. வாய் வெட்டுகிற இடம் வேறு. பொருள் வெட்டுகிற இடம் வேறு.

அன்று காலை வரை அது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அந்தச் சொல்லைக் குறைந்தது நாற்பது தடவை அடித்திருப்பேன். அடித்த தாள் யாருடைய வீட்டுக்குள் போகிறது என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை.

பெண்ணுக்கு வீடு

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்துக்கு முன் வீட்டை மகள் பெயரில் எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு அறையும் குசினியும் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. எங்கள் வீடும் அப்படித்தான் மூத்தவரான என் ராத்தாவுக்குப் போனது. உம்மா பின்பக்கம் இருக்கிறார். ஒரு குறையும் இல்லை.

ஒருவருக்கும் குறை வராததால்தான் ஒருவரும் அதை எழுதி வைக்கவில்லை. 'உம்மா எங்கே போகப்போகிறா, வீட்டில்தானே இருப்பா' என்பதை எல்லாரும் அறிவார்கள். எல்லாரும் அறிந்ததை யார் தாளில் அடிப்பார்கள்?

செய்னம்பு மாமியின் கணவர் நெடுநாள் முன்னே மௌத்தாகிவிட்டார். சூறாவளியில் கூரை பறந்தபின், மாமி தானே நின்று மேசனை விரட்டி விரட்டி ஓடு போடுவித்த வீடு அது. அந்த ஒரு வீடுதான். பின்வளவு வெறும் மணல். இளைய மகள் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை. உறுதி ஆங்கிலத்தில் வேண்டும் என்று கேட்டவர் அவருடைய காக்கா, ஜவ்பர். "இங்கிலீசில இருந்தாத்தான் கொழும்பில செல்லும்" என்றார். வாசிப்பதைச் சரிபார்க்கவும் அவரே வந்திருந்தார்.

தமிழ் வராத சொல்

நான் அந்தச் சொல்லை 'இர்ரிவோக்கப்ளி' என்று வாசித்தேன். பாரம் முழுவதையும் நடுவில், 'வோக்' மேல் போட்டேன். ஜவ்பர் காக்கா சிரித்தார்.

"இறெவக்கப்ளி. ரெண்டாவதுல அழுத்தணும், புள்ள. மத்தத எல்லாம் சும்மா தடவிட்டுப் போகணும்."

அவர் சொன்னது சரி. நான் நன்றி சொல்லிப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஐயா அடுத்த வரிக்குக் கை காட்டினார்.

"பொறுங்க" என்றார் மாமி.

மாமி தன் வீட்டு மண்டபத்தில் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். பதினைந்து பிள்ளைகள் பதினைந்து இடத்தில் ஒரே நேரத்தில் ஓதிக்கொண்டிருப்பார்கள். மாமி சுளகில் அரிசி கொழித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஆரு அங்க, ஒரு எழுத்து உழுந்திட்டு, கிறுகி முதல்ல இருந்து ஓது" என்பார். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒன்று விழுந்தால் அந்தக் காதுக்குத் தெரிந்துவிடும்.

"புள்ள, நீ ஒரு நீளமான சொல்லுச் சொன்னாய். இவரும் அதத்தான் திருத்தினார். ஐயா அதுக்கு ஒண்டும் சொல்லல்லியே?"

"அது சட்டத்தில வழமையா வாற சொல், அம்மா" என்றார் ஐயா. "எல்லா உறுதியிலயும் இருக்கும்."

"எல்லாத்திலயும் இரிக்கிற சொல்லுக்குத் தமிழ் இல்லியா, ஐயா?"

சாட்சிக்கு வந்திருந்த மாமியின் தம்பி உதுமான் தொடையில் தட்டிக்கொண்டார். "ஐயா ஆப்புட்டார்!"

ஐயா சிரிக்கப் பார்த்தார். தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர்க் குவளையை எடுத்தபடி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நீ சொல்லு என்பதுபோல இருந்தது. அப்படி இல்லை என்றாலும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தாளின் பின்பக்கம்

மாமிக்குத் தமிழ் எழுத வாசிக்கத் தெரியும். கழித்துப்போட்ட ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

இர் – இல்லை
றி – திரும்ப
வொக் – கூப்பிடு
ஏபிள் – ஏலும்
லி – அந்த மாதிரி

"எல்லாத்தையும் சேர்த்தா, 'திரும்பக் கூப்பிட ஏலாத மாதிரி' எண்டு வரும், மாமி."

எழுதும்போதே எனக்குள் ஒன்று ஓடியது. ஆங்கிலத்தில் 'இல்லை' முதல் ஆளாக வாசலில் நிற்கிறது. நம்முடைய பேச்சில் அது உள்ளே போய், 'ஏலா' என்பதன் கடைசி நெடிலில் உட்கார்ந்துகொள்கிறது. வாசலில் நிற்பது எல்லார் கண்ணிலும் படவேண்டும். ஆனால் வேகமாக வாசிக்கும்போது அந்த 'இர்' என் வாயிலிருந்தே உருண்டு ஓடிவிட்டிருந்தது.

"எதத் திரும்பக் கூப்பிட?" என்று கேட்டார் மாமி.

"குடுத்தத. வீட்ட."

"மகளுக்குக் குடுத்தத ஆரு மறுகா கிறுகிக் கேக்கிற?" மாமி சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. தாளை விரலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப நான் எங்க இரிக்கிற?"

"இதென்ன மாமி கேள்வி?" என்றார் ஜவ்பர் காக்கா. "றமீஸாவோடதானே இரிப்பீங்க. ஆரு உங்கள வேணாமெண்டு சொன்ன?"

"இரிப்பன் தம்பி. ஆருட சொல்லுல இரிப்பன்?"

கீழே புடவைக் கடையில் யாரோ துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

ஜவ்பர் காக்கா என் பக்கம் திரும்பினார். "டைப் அடிக்க வந்த புள்ள சட்டமும் படிச்சிரிக்காவோ?"

"இல்ல காக்கா. சொல்லுப் பிரிக்கத்தான் படிச்சிரிக்கன்."

உறுதியின் இரண்டாம் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஐயா குவளையை வைத்தார். "பிள்ளை பிரிச்சது சரி. நான்தான் சொல்லியிருக்க வேணும்" என்றார். வருடக்கணக்காக அந்த வரியைத் தாண்டிப்போன மனிதர் அதை அவ்வளவு லேசாக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு மாமிக்கு விளக்கினார். சீவிய உரித்து என்று ஒன்று இருக்கிறது. வீட்டை மகளுக்குக் கொடுத்தாலும், தாய் உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கும் உரித்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தால் மாமியை யாரும் எழும்பச் சொல்ல முடியாது.

"அத எழுதினா, மாப்பிள்ளைய நம்பல்ல எண்டு ஆகுமே" என்றார் மாமி.

"ஆகும்தான்" என்றார் ஜவ்பர் காக்கா.

"அப்ப அந்த வரி வேணாம். இரிக்கிறபடியே போடுறன்" என்றார் மாமி. பிறகு பேனையைக் கேட்டார்.

"நான் போடல்ல"

றமீஸா அதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. சுவரோரம் வாங்கில், முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கலியாணத்துக்குப் பத்து நாள் இருந்த பெண் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள்.

"இதில நானும் ஒப்பம் வைக்கணுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஓம். மூணாம் பக்கத்தில. 'இந்த நன்கொடைய ஏத்துக்கொள்றன்' எண்டு இரிக்கிற இடத்தில."

"நான் வைக்காட்டி?"

நான் ஐயாவைப் பார்த்தேன். "ஏற்காத நன்கொடை செல்லாது, பிள்ளை" என்றார் அவர்.

"அப்ப நான் போடல்ல."

மாமியின் கையில் இருந்த பேனை அப்படியே நின்றது. "என்ன புள்ள கதைக்காய்? சும்மா இரி."

"சும்மாதானே இரிந்தன் உம்மா. உங்கட வரி வந்தாத்தான் நான் போடுவன்."

"பத்து நாளில கலியாணம்" என்றார் ஜவ்பர் காக்கா. "கார்ட் எல்லாம் குடுத்தாச்சு."

"பத்து நாளில ஒரு வரி அடிக்க ஏலாதா?" அவள் கேட்டது அவரை. பார்த்தது என்னை.

"ஒரு மணித்தியாலம் போதும்" என்றேன்.

உதுமான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஜவ்பர் காக்கா எழுந்துவிட்டார். "தம்பிட்டக் கேக்காம நான் ஒண்டும் சொல்ல ஏலா. ட்ரங்கோல் எடுத்திட்டு வாறன்" என்று தபால் கந்தோருக்குப் படியிறங்கினார். இறங்கும்போது கதவைச் சாத்திய விதத்தில், திரும்பி வருவார் என்று யாருக்கும் நிச்சயமில்லை.

காத்திருந்த நேரம்

அப்போது கொழும்புக்கு ட்ரங்கோல் போட்டுத் தொலைபேசியில் பேசுவதென்றால் ஒரு அரை நாள். பெயரைக் கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"என்ன செய்ய, ஐயா?" என்று கேட்டேன்.

"அடி, பிள்ளை. வேணாமெண்டா கிழிப்பம்."

மூன்று தாள், இடையில் கார்பன், ஓரங்களைத் தட்டிச் சேர்த்து இயந்திரத்தில் ஏற்றினேன். அழித்துத் திருத்தினால் ஒவ்வொரு திருத்தத்தையும் கடைசியில் ஐயா எழுதிக் காட்ட வேண்டிவரும். ஆகவே முழுவதையும் புதிதாகவே அடித்தேன். புது வரியை ஐயா சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, இரண்டாம் பக்கத்தில் சேர்த்தேன். அது உள்ளே போனதும் கீழே இருந்த வரிகளெல்லாம் இடம் மாறின. ஐந்து அசைச் சொல் இப்போது ஒரு வரியின் நடுவில் முழுதாக வந்து உட்கார்ந்தது. வெட்ட வேண்டிய தேவை வரவில்லை.

நண்பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்கு கேட்டது. மாமி பக்கத்து அறையில் தொழுதுவிட்டு வந்து என் மேசையருகே கதிரையைப் போட்டார். முகம் வெளிறியிருந்தது. கலியாணம் முறிந்தால் ஊர் யாரைச் சொல்லும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்மேல் கோபமா என்று கேட்க நினைத்தேன்.

"அந்தச் சொல்லத் திருப்பிச் சொல்லு, புள்ள."

"இறெவக்கப்ளி."

"அந்த 'றெ'வுக்கு நாக்கு எங்க படுகுது?"

யோசித்துப் பார்த்தேன். "ஒரு இடத்திலயும் படல்ல, மாமி. மடிஞ்சு அந்தரத்தில நிக்கிது."

"அதான் கேட்டன்." எந்த எழுத்தையும் நாக்குப் படும் இடம் பார்த்து ஓதிக்கொடுத்துப் பழகிய மாமி வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை உரக்கச் சொன்னார். இரண்டாம் அசையில் அழுத்தம், மற்றவை லேசாக, கடைசியில் 'ப்'பும் 'ளி'யும் பிரியாமல். ஜவ்பர் காக்கா சொன்னதைவிட நன்றாக இருந்தது. உதுமானும் முயன்றார். அவர் வாயில் அது ஏழு அசையாகி, இடையில் எங்கேயோ நின்றுவிட்டது.

"இவன் சின்னதிலயும் இப்பிடித்தான். ஓதக் குடுத்தா இடையில எறங்கிருவான்" என்றார் மாமி. றமீஸா முக்காட்டுக்குள் சிரித்தாள். காலையிலிருந்து அந்த அறையில் இருந்த இறுக்கம் அப்போதுதான் கொஞ்சம் விட்டது.

இரண்டரைக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லாரும் நிமிர்ந்தோம்.

ஜவ்பர் காக்கா வியர்த்து வந்தார். கதிரையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். ஒருவரையும் பார்க்கவில்லை.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் ஐயா.

"எனக்கு ஏசுறான்" என்றார் ஜவ்பர் காக்கா. "தபால் கந்தோர் முழுக்கக் கேக்கிற மாதிரிக் கத்துறான். 'மாமி வீட்டில இரிக்கிறதுக்கு என்னட்டக் கேட்டு ட்ரங்கோல் எடுக்கிறயா? இத ஆரு முதல்ல எழுதாம விட்ட?' எண்டு."

மாமி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தார். அழுகையும் அதில் கொஞ்சம் இருந்தது.

"அப்ப நம்பல்ல எண்டு ஆகாதா, தம்பி?"

"ஆகாது மாமி. எழுதுங்க."

"எழுதியாச்சு" என்றேன். இயந்திரத்திலிருந்து தாளை உருவி மேசையில் வைத்தேன். ஜவ்பர் காக்கா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதன்முறையாகக் கேலியில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஐயா ஒரு சொல்லையும் தாண்டவில்லை. சீவிய உரித்து வரியை இரண்டு தடவை சொன்னார். நீளமான சொல் வந்ததும் நான் இரண்டாம் அசையில் அழுத்தினேன். "திரும்பக் கூப்பிட ஏலாத மாதிரி" என்றார் ஐயா. மாமி தலையாட்டி, மூன்று பிரதியிலும் தமிழில், எழுத்து எழுத்தாக ஒப்பம் வைத்தார். றமீஸா ஏற்றுக்கொண்டாள். உதுமானும் ஜவ்பர் காக்காவும் சாட்சி.

இன்றைய நிலை

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. நான் இன்னும் அதே அலுவலகத்தில், அதே இயந்திரத்தில் வேலை செய்கிறேன். நன்கொடை உறுதியை இயந்திரத்தில் ஏற்றுமுன், கொடுக்க வந்த தாயிடம் சீவிய உரித்து வேண்டுமா என்று கேட்பது என் வேலையாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் வேண்டும் என்கிறார்கள். சிலர் வேண்டாம் என்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் தெரிந்து சொல்கிறார்கள். ஜவ்பர் காக்கா தன் தங்கையின் உறுதிக்கும் எங்களிடமே வந்தார். நான் கேட்குமுன் அந்த வரியை அவரே கேட்டார்.

றமீஸாவுக்கு இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை மாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். பின்வளவு மணலில் இளைய மகளுக்கு வீடு எழும்புகிறது. சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. மாமி காலையும் பின்னேரமும் மண்டபத்தில் ஓதிக்கொடுக்கிறார்.

வீடு றமீஸாவின் பெயரில் இருக்கிறது. மாமி முன் அறையில் இருக்கிறார்.